ஐயாவின் காருக்குக் குரோம்

பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்து ஒருவர், "இதென்ன இரும்போ?" என்று கேட்டால்தான் குரோம் அடிக்கிறவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். எனக்கு அப்படிச் சோறு இறங்கிய நாட்கள் குறைவு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெயின்ற் அடிக்கப் படித்தது என் மனுசனிடம். அவர் நெடுங்கேணியில் வானுக்கும் ட்ராக்டருக்கும் அடித்தவர். அவர் செத்துப்போன பிறகு அவருடைய பெரிய ஸ்பிறே மெசினைத் தூக்கி இறக்க எனக்குச் சத்து இல்லை. அதை விட்டுவிட்டு, ரின்னில் அடைத்து வருகிற ஸ்பிறேயோடு சின்னச் சாமான்களுக்கு இறங்கினேன். ஓட்டோவின் கண்ணாடி மூடி, பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக் கிண்ணம் என்று போய், கடைசியில் விரல் நீளம்கூட இல்லாத மொடல் கார் பம்பரில் வந்து நிற்கிறேன்.

வெளிநாட்டில் ஒரு சகோதரத்தை வைத்துக்கொண்டு, போனோடு சீவிக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். குரோமைப் பற்றி அறிய வந்தவர்களும் இருங்கள். நீங்களும் அழுவதற்கு இதில் விசயம் இருக்கிறது.

காலுறைக்குள் வந்த பம்பர்

என் தம்பி குணம் கனடாவில் இருக்கிறான். எங்களைப் பெற்ற ஐயா ஒருகாலம் ஹயருக்கு, வாடகைக்கு ஓட்டிய மொறிஸ் மைனர் காரை அவன் பிளாஸ்டிக்கில் செய்யத் தொடங்கினான். அங்கே பெட்டியில் துண்டு துண்டாக விற்கிறார்களாம், நாங்கள் பிய்த்து ஒட்ட வேண்டியதுதானாம். உடம்புக்குத் தூரிகையால் பச்சை பூசிவிட்டான். குரோம் மட்டும் தூரிகைக்குச் சரிவராது, கோடு கோடாகத் தெரியும். ஸ்பிறே அடிக்கலாம் என்றால் அவன் இருப்பது பதினோராம் மாடி. மணம் கிளம்பினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்கள், கீழே போய் அடித்தால் பனி. ஆகவே கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் சாமான்களைக் கொடுத்துவிட்டான். சொக்லேற் பெட்டிக்குள் ஒரு காலுறை. காலுறைக்குள் ஒரு பிளாஸ்டிக் கொடி. அதில் வெண்டிப் பிஞ்சு மாதிரித் தொங்கின, முன் பம்பர், பின் பம்பர், முன்பக்கக் கிறில், விளக்கு வளையம் இரண்டு, சக்கர மூடி நாலு.

குணம் போய் முப்பத்திரண்டு வருசம். ஒருக்காலும் திரும்பி வரவில்லை. முதலில் விசாக் கடதாசி சரிவரவில்லை. பிறகு நாடு சரியில்லை. பிறகு பிள்ளையின் படிப்பு, அதற்குப் பிறகு முதுகு. இந்தமுறை அவன் வாயாலேயே சொன்னான், கார் முடிந்தால் கையில் கொண்டு வருவேன் என்று. அதனால் எனக்கு அது பம்பர் இல்லை, பிளேன் ரிக்கற். "டேய், உந்தப் பெரிய ஊரில குரோம் அடிக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டுப் பார்த்தேன். அவன் சொன்னான்:

"இஞ்சை வெயிலுக்கு ஆறு மாசம் பார்த்துக்கொண்டு இருக்கவேணும். அங்கை சும்மா கொட்டுண்டு கிடக்கிற வெயிலில எனக்கும் கொஞ்சம் செலவழியன் அக்கா."

கண்ணாடிக்குப் போட்ட சட்டை

நான் வெயிலைச் செலவழித்த விதத்தைக் கேளுங்கள். சாமான்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். புதுப் பிளாஸ்டிக்கில் ஒரு எண்ணெய்ப் பசை இருக்கும், அது போகாவிட்டால் பெயின்ற் பிடிக்காது. ஒவ்வொன்றையும் ஈர்க்கில் குத்திப் பளபளக்கிற கறுப்பு அடித்தேன். குரோமுக்குக் கீழே கறுப்பு எவ்வளவு மினுங்குதோ அவ்வளவுக்குத்தான் மேலே வெள்ளி மினுங்கும். கெதியில் காயட்டும் என்று மத்தியான வெயிலில் தகரத்துக்கு மேலே வைத்தேன். அரை மணித்தியாலத்தில் போய்ப் பார்த்தால் முன் பம்பர் வாயை இரண்டு பக்கமும் இழுத்துச் சிரித்துக்கொண்டு கிடக்கிறது. சுடுதண்ணீரில் போட்டு நிமிர்த்தி எடுத்தேன்.

இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, பிறகு பனிப்புகார் மாதிரி மெல்லிசாகக் குரோமை அடித்தேன். அப்படியே வெள்ளி! என் மூக்கை அதில் கண்டேன். அதோடு நின்றிருக்கலாம். கனடாவுக்குப் போகிற வழியில் ஆர் ஆரின் கைபடுமோ என்று பயம் வந்தது. என் மனுசன் வானுக்குக் கடைசியில் அடிக்கிற மாதிரி, மேலே ஒரு வார்னிஷ் அடித்துப் பாதுகாத்தேன். கண்ணுக்கு முன்னாலேயே வெள்ளி செத்துப்போய், அடிப்பிடித்த அலுமினியச் சட்டியின் நிறம் வந்தது.

வவுனியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற ஜவ்பர் நானாவிடம் கொண்டு ஓடினேன். அவரிடம்தான் நான் ரின் வாங்குவது. அவரும் முல்லைத்தீவை விட்டுப் போய்ப் பல வருசம் வெளியில் இருந்து திரும்பி வந்த மனிதர். அதனால் என் தம்பியின் கதையைச் சாமான் வாங்க நிற்கிற ஆட்களையும் மறித்துவிட்டுக் கேட்பார். பம்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், சொன்னார்:

"நீங்க செஞ்சது கண்ணாடிக்குச் சட்டை போட்ட வேலை அக்கா. முகம் பார்க்கணுமா, குளிருக்குப் போர்க்கணுமா, ஒண்டச் சொல்லுங்க."

செல்லம்மாவின் புளி

எல்லாவற்றையும் உரித்துப்போட்டு இரண்டாம் முறை அடித்தேன். இந்தமுறை வார்னிஷ் இல்லை. குரோம் அடித்தால் ஒரு கிழமைக்கு, முழுசாக ஏழு நாளைக்கு, விரல் படக்கூடாது. எங்கள் வீட்டில் விரல் படாத இடம் சாமி அறைதான் என்று அங்கே கொண்டுபோய் ஒரு தட்டில் அடுக்கி வைத்தேன். அதுதான் பிழை. அது தைப்பொங்கலுக்கு முதல் நாள்.

பக்கத்து வளவுச் செல்லம்மா மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவள். இப்போது கச்சான் கடலை பயிர் போடுகிறாள். என் கை நோவு தெரிந்து, பொங்கலுக்கு என் விளக்குகளையும் சேர்த்து அவளே மினுக்கித் தருவாள். நான் சந்தைக்குப் போய்க் கரும்போடு வந்தேன். முற்றத்தில் குத்துவிளக்கு, செம்பு, தூபக்கால் எல்லாம் தங்கமாக நிற்கின்றன. பக்கத்தில் கரிக்கட்டித் துண்டுகள் மாதிரி நாலு சக்கர மூடியும் இரண்டு பம்பரும் கிறிலும் விளக்கு வளையங்களும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

நான் கரும்போடு அப்படியே குந்திவிட்டேன். "உது பித்தளை இல்லையடி, தம்பியின்ர கார்" என்றேன். ஒரு மாசம் பின்னுக்குப் போய்விட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் செல்லம்மா கண் கலங்கினாலும் வாய் கலங்குகிற ஆள் இல்லை.

"நான் என்னாக்கா பண்றது? மேல வெள்ளி, உள்ள கரின்னு யாரு கண்டா? எங்க வீட்டுக் குத்துவெளக்கு இப்பிடியெல்லாம் ஏமாத்தாது."

நெளிவு எந்தப் பக்கம்?

மூன்றாம் முறை சரிவந்தது. கிறிலின் ஒவ்வொரு கம்பியிலும் எங்கள் வேலி தெரிந்தது. அனுப்பப் போகிற நேரம் குணம் போன் எடுத்து, "அக்கா, ஐயாவின்ர முன் பம்பரில இடக்கைப் பக்கம் ஒரு நெளிவு இருந்ததெல்லோ, அதையும் வை" என்றான். நெளிவு இருந்தது உண்மை. ஆனால் வலக்கைப் பக்கம். நான் இறங்கிக் காரின் முன்பக்கத்தால் சுற்றி வரும்போது என் சட்டை மாட்டிக் கிழிந்த இடம் எனக்குத் தெரியாதா? அவனோ, தான் பள்ளிக்கூடம் போகுமுன் அந்த நெளிவுக்குள் காலை வைத்துத்தான் பொனற்றில் ஏறுகிறவனாம்.

பார்த்துக்கொள்ள ஒரு படமும் இல்லை. அல்பம் ஓர் இடப்பெயர்வில் போனது, கார் இன்னோர் இடப்பெயர்வில். திரும்பி வந்தபோது ஒரு கதவு கிடந்தது, அதையும் பழைய இரும்பு எடுக்கிறவர்கள் கொண்டுபோனார்கள். இரண்டு கிழமை நாங்கள் இடமா வலமா என்று சண்டை பிடித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், முப்பத்திரண்டு வருசத்தில் நாங்கள் இருவரும் ஆசைதீரக் கதைத்தது அந்த இரண்டு கிழமைதான். மற்ற நேரம் எல்லாம் "சாப்பிட்டியோ, மருந்து போட்டியோ" என்பதோடு முடிந்துவிடும்.

கடைசியில் கந்தையா அண்ணரைச் சந்தையில் பிடித்தேன். நாயாற்றில் மீன் எடுத்து, ஐயாவின் காரில் கூடை கூடையாக ஏற்றி வந்து விற்றவர். ஐயா போன பிறகும் அந்தக் காரின் மணம் தன் இடுப்புச் சாரத்தை விட்டுப் போகவில்லை என்று சொல்லுவார். நெளிவு எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ரெண்டு பக்கமும் நெளிவுதான் பிள்ளை. உன்ர கொப்பர் பிறேக் பிடிச்சதை நான் ஒருநாளும் காணேல்லை."

கழன்று கழன்று வந்தது

கரண்டியைச் சுடுதண்ணீரில் வைத்து எடுத்து, பம்பரின் இரண்டு பக்கமும் மெல்ல அமத்தி, அதுக்கு மேலே திரும்பவும் கறுப்பு, திரும்பவும் குரோம். கலியாணம் ஒன்றுக்கு வந்து திரும்பிப் போன குடும்பத்திடம் பஞ்சில் பொதிந்து கொடுத்துவிட்டேன். போய்ச் சேர்ந்தது என்றான். வடிவாக இருக்குது என்றான். நான் அவன் படுக்கிறதுக்கு ஒரு நல்ல கட்டில் சொல்லி வைத்தேன்.

கனடாவிலிருந்து அடுத்த ஆள் வரும்போது அதே சாமான்கள் அதே பஞ்சுக்குள் திரும்பி வந்தன. "குரோம் கழண்டு போச்சு அக்கா, ஒருக்கால் அடிச்சு விடு." அடித்து விட்டேன். திரும்பவும் வந்தது. என் கையில் பிழையா, கிணற்றுத் தண்ணீரில் பிழையா என்று தெரியவில்லை. ஜவ்பர் நானாவின் ரின்னில் பிழை என்று அந்த மனிதரோடு கடையில் வைத்துச் சண்டையும் பிடித்தேன். அவர் வேறு ரின் எடுத்துத் தந்தார். அதால் திரும்ப அடித்து, கொண்டுபோக ஆள் வரும்வரை வீட்டில் வைத்திருந்தேன். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு என் நிலை விளங்கும். செய்த வேலை கண்ணுக்கு முன்னால் பழுதானால் மனம் ஆறும், காணாத இடத்தில் பழுதானால் நித்திரை வராது.

ஒருநாள் காலமை போன் எடுத்தபோது குணத்தின் மகள் அபி கதைத்தாள். தகப்பன் குளிக்கிறாராம். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிற பிள்ளை, தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத்தான் கதைப்பாள். "உங்கட வீட்டில ஈரம் கூடவோ பிள்ளை? மாமி அடிச்சு விடுறதெல்லாம் கழண்டு போகுதாமே" என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கழரேல்ல மாமி. நான் வேலைக்குக் கொண்டு போற ஸ்பிரிற்ற எடுத்து, அப்பா தானே பஞ்சால துடைச்சவர். நீங்க அடிச்சது வடிவா இருந்தது, அதில என்ர முகம் தெரிஞ்சது."

கேட்டேன்

மூன்று நாள் நான் போன் எடுக்கவில்லை. நாலாம் நாள் நேரே கேட்டேன். "ஏன்ரா துடைச்சனி?" அவன் ஐயாவின் செத்த வீட்டைப் பற்றிக் கதைத்தான்.

ஐயா மோசம் போனபோது குணத்தால் வரமுடியவில்லை. கொள்ளி வைத்தது என் மனுசன். அன்றைக்கு ஆரோ ஒருவர் சனத்துக்குள் நின்று, "மகன் எங்கை?" என்று கேட்டிருக்கிறார். அதை நானே குணத்துக்குப் போனில் சொன்னேனாம். "ஊர் கேக்குது, பெத்த மகன் எங்கையெண்டு" என்று அழுது அழுது சொன்னேனாம். சொல்லியிருப்பேன். அழுகிற நேரம் வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லுகிறவள் நான். சொன்னதையும் அடுத்த கிழமையே மறந்துவிட்டேன். அவன் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் அங்கே இருந்திருக்கிறான். நாடும் முதுகும் எல்லாம் சும்மா சொன்ன சாட்டு. அவன் சொன்னான்:

"கார் முடிஞ்சால் நான் வரவேணுமெல்லோ அக்கா. வந்தால் ஆராவது ஒருத்தர் கேப்பினம். அப்ப நான் என்னத்தைக் காட்டுறது, பம்பரையோ?"

மாரி

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூத்த சகோதரங்களுக்கு அந்தச் சொல் லேசில் வராது, உங்களுக்குத் தெரியும். அதுக்குப் பதிலாக, "இனி ஒரு துண்டும் உனக்கு வராது. சக்கர மூடி, பம்பர், கிறில், விளக்கு வளையம் எல்லாம் இஞ்சை என்னட்டைத்தான் கிடக்கும். தேவையெண்டால் வந்து பூட்டு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு பயம் பிடித்தது. எங்களுக்கு நடுவில் போய் வந்துகொண்டிருந்தது அந்தப் பஞ்சுப் பொதி ஒன்றுதான். அதையும் நானே நிற்பாட்டிவிட்டேன்.

மாரி தொடங்கியது. மழைக் குளிரில் குரோம் அடித்தால் பால் ஊற்றின மாதிரி வெள்ளை படரும். ஆகவே தொழிலும் இல்லை, போனும் இல்லை. வீட்டுக்கு வந்து கேட்ட ஆட்களுக்கெல்லாம் மழை விடட்டும் என்று சொன்னேன். போன் அடித்த நேரம் எல்லாம் பார்த்தேன், அவன் இல்லை. இரண்டு தடவை நானே எடுக்கப் போய் நம்பரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மழை விட்ட பிறகு, கனடாவிலிருந்து வந்த ஒருவர் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். திறந்தால் கார். முழுக் கார். ஐயாவின் அதே பச்சை, தூரிகைக் கோடு தெரியத் தெரிய. உள்ளே துணியில் தைத்த சீற். பம்பரும் விளக்கும் இல்லாமல், கண்ணும் பல்லும் இல்லாத கிழவரின் முகம் மாதிரி என்னைப் பார்த்தது. காரை அனுப்பிவிட்டான். அப்படியென்றால் இனி அவன் வரமாட்டான், கொண்டுவருவதற்கென்று அவனிடம் இருந்தது இது ஒன்றுதான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் இருந்துவிட்டேன். செல்லம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நடந்ததைக் கேட்டு, காரைக் கையில் வாங்கி, சில்லை விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"அழுவாதீங்கக்கா. வண்டியே முன்னால வந்து சேந்துருச்சு, டிரைவரு எத்தன நாளைக்கு அங்குட்டே நிப்பாரு?"

வழி

அடுத்த நாள் காலமை குணம் போன் எடுத்தான். படம் தெரிகிற போன். தலை முழுக்க நரை, ஐயாவின் காது. "கார் வந்ததோ? எல்லாத்தையும் பூட்டிப்போட்டு ஒருக்கால் காட்டு அக்கா, பார்ப்பம்" என்றான். போனை முகட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன். "மாட்டன்" என்றேன். "ஒட்டவும் மாட்டன், காட்டவும் மாட்டன். குரோமில ஒட்டுறதெண்டால் ஒட்டுற இடத்தைச் சுரண்டவேணும். நான் அடிச்சதை என்ர கையால சுரண்டேலாது."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு நிற்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று நான் அவசரமாகச் சொன்னேன். "டேய் குணம், அண்டைக்கு மகன் எங்கையெண்டு கேட்ட சனத்தில முக்கால்வாசிப்பேர் செத்துப்போச்சினம். மிச்சம் நான்தான். நான் கேக்கமாட்டன். அண்டைக்குச் சொன்னதும் பிழை."

முகட்டுத் தகரத்தைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். ஆரோ அங்கே தேத்தண்ணி கலக்குகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டான்:

"நெடுங்கேணிச் சந்தியில பஸ்ஸால இறங்கினால், இப்ப வீட்டை எந்தப் பக்கத்தால வரவேணும் அக்கா?"

பதட்டத்தில் நான் அடையாளம் சொன்ன புளியமரமும் சங்கக்கடையும் அந்த இடத்தில் இல்லாமல் போய்ப் பல வருசம் என்பது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பழசுக்குப் பளபளப்பு ஏற்றுகிறவளிடம் வழி கேட்டால் இப்படித்தான்.